அதிகாலையா, இரவா, பகல் இடைவெளியா? அம்மா தனக்கான நேரத்தை எங்கிருந்து எடுப்பது

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அம்மாவுக்கென்று நேரம் தானாக மிஞ்சாது. எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். எடுக்கக்கூடிய இடங்கள் ஏறக்குறைய நான்குதான்: எல்லாரும் எழுவதற்கு முந்தைய அதிகாலை, எல்லாரும் தூங்கிய பிறகு வரும் இரவு, பகலில் வேலைகளுக்கு நடுவே கிடைக்கும் பத்துப் பதினைந்து நிமிடங்கள், பொறுப்பை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளும் முழுசான இரண்டு மூன்று மணி நேரம்.

பெரும்பாலான அம்மாக்கள் முதல் இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்கிறார்கள். காரணம் எளிது. அதற்கு யாரிடமும் பேச வேண்டியதில்லை, யார் அனுமதியும் தேவையில்லை. நான்காவதுக்கு வாயைத் திறந்து கேட்க வேண்டும். என் கருத்தில் முயற்சியை முதலில் செலவழிக்க வேண்டிய இடம் அந்த நான்காவதுதான். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒப்பிட இரண்டு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். இந்த நேரத்துக்கு விலையாகத் தூக்கம் போகிறதா? இந்த நேரத்தில் பொறுப்பு உண்மையிலேயே தலையை விட்டு இறங்குகிறதா? எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்பது இவற்றுக்கு அப்புறம்தான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன்னைக் கவனித்துக்கொள்வது என்றதும் முகப்பூச்சும் மெழுகுவர்த்தியும் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. உலக சுகாதார நிறுவனம் தரும் விளக்கம் அதைவிட விரிவானது. உடல்நலத்தைப் பேணுவது, நோய் வராமல் தடுப்பது, வந்தால் சமாளிப்பது எல்லாமே அதில் அடக்கம். ஆறு மாதமாகத் தள்ளிப்போய்க்கொண்டிருக்கும் பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட், எடுக்காமலே இருக்கும் ரத்தப் பரிசோதனை, நின்றுபோன நடைப்பயிற்சி எல்லாம் அந்தக் கணக்கில் வருபவை. குளித்துத் தலை துவட்டுவதைச் சுயபராமரிப்பு என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். அது எந்த மனிதருக்கும் உரிய குறைந்தபட்சம்.

அதிகாலை

அதிகாலைக்குப் பெரிய கவர்ச்சி உண்டு. போன் அடிக்காது. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். வீடு அமைதியாக இருக்கும். நாள் தொடங்கும் முன்பே நமக்கானதை முடித்துவிட்டோம் என்ற நிறைவு பகல் முழுக்கக் கூட வரும். எழுதுபவர்கள், படிப்பவர்கள், யோகா செய்பவர்கள் பலர் இதையே சிபாரிசு செய்வார்கள்.

ஆனால் அந்தச் சிபாரிசு எப்போதும் எழும் நேரத்தைத்தான் சொல்கிறது, படுக்கும் நேரத்தைச் சொல்வதில்லை. பதினொன்றரைக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரத் தூக்கம். நடுவில் குழந்தை ஒரு தடவை எழுந்தால் அதுவும் குறையும். பெரியவர்களுக்குத் தினமும் ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகமும் தூக்க ஆய்வுச் சங்கமும் 2015-இல் கூட்டாக அறிவித்தன. 'எனக்கு ஆறு மணி நேரமே போதும், பழகிவிட்டது' என்று சொல்பவர்கள் 2003-இல் பென்சில்வேனியாவில் நடந்த ஒரு சோதனையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆரோக்கியமான பெரியவர்களில் ஒரு பிரிவினரை இரண்டு வாரம், இரவுக்கு ஆறு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டார்கள். கடைசியில் அவர்களுடைய கவனமும் நினைவாற்றலும், ஓரிரு இரவுகள் அடியோடு தூங்காதவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தன. அவர்களோ கொஞ்சம்தான் தூக்கக் கலக்கமாக இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். திறமை இறங்கிக்கொண்டே போனது, அது இறங்குகிறது என்ற உணர்வு மட்டும் கூடவில்லை. எனக்கு இதில் அச்சமூட்டும் பகுதி இதுதான். வண்டி ஓட்டுவதும் காய்ச்சல் மருந்தை அளந்து ஊற்றுவதும் அதே ஆள்தானே.

குழந்தையின் பக்கத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. விடியலை ஒட்டி வருவது லேசான தூக்கமும் கனவுத் தூக்கமும்தான். அதனால் நாலே முக்காலுக்குக் குளியலறைத் தாழ்ப்பாள் எழுப்பும் சின்னச் சத்தம், இரவு பத்து மணிக்கு எழும் அதே சத்தத்தைவிடக் குழந்தையைச் சுலபமாக எழுப்பிவிடும். அப்புறம் அம்மாவுக்கும் நேரம் இல்லை, குழந்தைக்கும் தூக்கம் இல்லை.

ஆக, அதிகாலை யாருக்குச் சரிவரும்? இரவு பத்துக்குள் தூங்கிவிட முடிபவர்களுக்கு. குழந்தை இரவு முழுக்கத் தூங்கும் வயதுக்கு வந்துவிட்ட வீடுகளுக்கு. இயல்பிலேயே காலையில் சுறுசுறுப்பாக இருக்கும் உடல்வாகு உள்ளவர்களுக்கு. இந்த உடல்வாகில் மரபணுவுக்கும் பங்கு உண்டு, மனவுறுதி மட்டும் தீர்மானிக்கும் விஷயம் இல்லை. இரவில்தான் விழிப்பு வரும் என்கிற ஒரு அம்மா ஐந்து மணி அலாரத்தோடு போராடித் தோற்றால், அவர் சோம்பேறி என்று அர்த்தம் இல்லை.

இரவு

குழந்தை தூங்கிவிட்டது. பாத்திரம் முடிந்தது, நாளைக்கான பை தயார். மணி பத்தரை. சோபாவில் சாய்ந்து போனைக் கையில் எடுத்தால், தூக்கம் கண்ணைச் சுழற்றினாலும் கட்டைவிரல் மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. பன்னிரண்டு ஆனதும்தான் எழுந்து போகத் தோன்றுகிறது. பார்த்தது எதுவும் நினைவில் இல்லை.

வெளியிலிருந்து எந்தத் தடையும் இல்லாதபோதும் படுக்கப் போவதைத் தள்ளிப்போடும் இந்தப் பழக்கத்தை நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் தனியாகப் பெயரிட்டு ஆராய்ந்தார்கள். அவர்கள் அதைச் சுயகட்டுப்பாட்டோடு சேர்த்துப் பார்த்தார்கள். அம்மாக்கள் விஷயத்தில் அதற்கும் அடியில் ஒரு ஏக்கம் இருப்பதாக நான் நினைக்கிறேன். காலை முதல் ஒரு நிமிடம்கூடத் தன் இஷ்டப்படி கழியாத நாளில், அந்த ஒன்றரை மணி நேரத்தை மட்டும்தான் யாரும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அதை விட்டுக்கொடுத்துவிட்டுத் தூங்கப் போவது இழப்பாகத் தெரிகிறது. அதனால் 'போனைத் தூக்கிப் போடு, தூங்கு' என்ற அறிவுரை இங்கே வேலை செய்யாது. பகலில் எங்காவது கொஞ்சம் இடம் கிடைத்தால் ஒழிய இந்த ஏக்கம் அடங்காது.

இருந்தாலும் இரவை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. கணவனும் மனைவியும் நிதானமாகப் பேச இதைவிட நல்ல வேளை பல வீடுகளில் கிடையாது. வெந்நீரில் குளிப்பது, நாலு பக்கம் படிப்பது, கை வேலை எதையாவது எடுத்துக்கொள்வது எல்லாம் இரவுக்குப் பொருந்தும். இரவு நேரத்தின் பலவீனம் அதற்கு முடிவு இல்லாததுதான். காலையில் பள்ளி வேனே மணியடித்து நிறுத்திவிடும், இரவில் நிறுத்த ஆளில்லை. எனவே எப்போது தொடங்குவது என்பதை விட்டுவிட்டு, எப்போது முடிப்பது என்பதற்கு அலாரம் வையுங்கள். படுக்கும் முன் பிரகாசமான வெளிச்சம், தூக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலட்டோனின் சுரப்பதைத் தள்ளிப்போடும். விளக்கைத் தணித்து வைப்பதே பாதி உதவி.

அதிகாலை, இரவு இரண்டில் எது என்று கேட்டால் உங்கள் உடல்வாகு எதுவோ அது. இரண்டையும் சேர்த்து எடுப்பது மட்டும் வேண்டாம். பன்னிரண்டுக்குப் படுத்து ஐந்துக்கு எழும் அம்மாவை நாலு பேர் மெச்சுவார்கள், உடம்பு மெச்சாது.

பகலின் இடைவெளிகள்

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முன்பெல்லாம் ஒரு தடவைக்குக் குறைந்தது பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கில் சேரும் என்று இருந்தது. 2020-இல் வந்த வழிகாட்டுதலில் அந்த நிபந்தனை இல்லை. குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேகமாக நடந்து வரும் ஏழு நிமிடம், அலுவலகப் படிக்கட்டு, விளையாட்டுத் திடலில் பெஞ்சில் உட்காராமல் சுற்றி வருவது எல்லாம் சேரும். உடலைப் பொறுத்தவரை துண்டு துண்டான நேரமும் நேரம்தான்.

பகலில் ஒரு குட்டித் தூக்கமும் அப்படித்தான். பத்து முதல் இருபது நிமிடத்துக்குள் எழுந்துவிட்டால் தெளிவாக இருக்கும். அதைத் தாண்டி ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய் நடுவில் எழுந்தால் தலை கனக்கும்.

மனதுக்கு இது போதாது. ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததுக்குத் தாவும்போது பழைய வேலையின் எண்ணம் கொஞ்சம் தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் காட்டினார். அம்மாக்களுக்கு இதை ஆய்வு செய்து சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து அறையில் குழந்தை விளையாடிக்கொண்டிருக்க, கையில் காப்பியோடு உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடத்தில் ஒரு காது அந்த அறையில்தான் இருக்கும். சத்தம் வந்தாலும் எழ வேண்டும், சத்தம் நின்றுபோனாலும் எழ வேண்டும். உட்கார்ந்திருப்பது உடம்பு மட்டும்தான்.

பொறுப்பு கைமாறிய நேரம்

உலகத் தொழிலாளர் அமைப்பு 64 நாடுகளின் தரவுகளை வைத்து 2018-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. சம்பளமில்லாத வீட்டு வேலையிலும் பராமரிப்பு வேலையிலும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 மணி 25 நிமிடம் செலவழிக்கிறார்கள், ஆண்கள் 1 மணி 23 நிமிடம். இந்தச் சம்பளமில்லாத உழைப்பின் மொத்தத்தில் நான்கில் மூன்று பங்குக்கும் சற்று மேலே பெண்களுடையது. இதைப் படித்த பிறகும் அம்மாவுக்கான நேரத்தை அவருடைய தூக்கத்திலிருந்துதான் வெட்டி எடுக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேரம் வீட்டில் இருக்கிறது, வேறொருவருடைய நாளில் இருக்கிறது.

ஆனால் ஒப்படைப்பது என்பது எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. ஒரு சனிக்கிழமை அம்மா வெளியே கிளம்புகிறார். கிளம்பும் முன் சாப்பாடு செய்து மூடி வைக்கிறார், மாற்றுத் துணி எடுத்து வைக்கிறார், மருந்துப் பாட்டிலை மேசைமேல் வைக்கிறார், எத்தனை மணிக்கு என்ன என்று தாளில் எழுதி ஒட்டுகிறார். தெருமுனை தாண்டவில்லை, போன்.

"பாப்பாவோட ஸ்வெட்டர் எங்க வச்சிருக்க?"

"அலமாரில ரெண்டாவது தட்டு, இடது பக்கம் பாருங்க."

பத்து நிமிடம் கழித்து மறுபடி. "சாப்பிட மாட்டேங்குறா, என்ன பண்றது?"

அந்த மூன்று மணி நேரமும் அம்மா வெளியே இருந்தார், பொறுப்பு அவரிடமேதான் இருந்தது. குழந்தை மட்டும்தான் கைமாறியது.

அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. குடும்பத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் யோசனை வேலையை அவர் நான்காகப் பிரித்தார்: வரப்போகும் தேவையை முன்கூட்டி உணர்வது, என்னென்ன வழிகள் உண்டு என்று தேடுவது, முடிவெடுப்பது, சரியாக நடக்கிறதா என்று கண்காணிப்பது. அவர் பேசிய தம்பதிகளில் முடிவெடுப்பது ஓரளவு பகிர்ந்து நடந்தது. முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தன. ஓய்வைத் தின்பவையும் இந்த இரண்டுதான்.

ஆக, ஒப்படைக்கும்போது நான்கையும் சேர்த்து ஒப்படைக்க வேண்டும். மதியம் என்ன சாப்பாடு என்பதை அப்பா யோசிக்கட்டும். மழை வருமா, குடை வேண்டுமா என்பதும் அவர் கவலை. மருந்து எங்கே, டாக்டர் நம்பர் என்ன, அழுதால் எந்தப் போர்வை என்பதெல்லாம் அவருக்குத் தானாகவே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்றால் தேடிக் கண்டுபிடிக்கட்டும், அம்மா தெரிந்துகொண்டதும் அப்படித்தான். காய்ச்சல், அடிபட்டது, மருத்துவமனை ஆகியவற்றுக்கு மட்டும் போன் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளலாம்.

கேட்கும் விதமும் முக்கியம். "நேரம் கிடைச்சா கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொன்னால் நேரம் கிடைக்காது. "சனிக்கிழமை ஒன்பது மணியிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் பாப்பா உங்க பொறுப்பு, நான் வீட்டுல இருக்க மாட்டேன்" என்பது தெளிவான பேச்சு. வீட்டில் இருக்க மாட்டேன் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். அம்மா அடுத்த அறையில் இருப்பது தெரிந்தால் எந்தக் குழந்தையும் கதவைத் தட்டும், பல அப்பாக்களும் தட்டுவார்கள்.

முதல் சில வாரங்கள் கரடுமுரடாகத்தான் இருக்கும். திரும்பி வரும்போது குழந்தை ஜோடி சேராத காலுறையோடு, சாயம் அப்பிய கையோடு, மதியம் பன்னிரண்டு மணிக்கும் பைஜாமாவில் இருக்கலாம். அதை அம்மா உடனே சரிசெய்யத் தொடங்கினால் ஒப்படைத்தது ரத்து. குழந்தை பத்திரமாக இருந்தது, சாப்பிட்டது, சிரிக்கிறது. மற்றதெல்லாம் அவர் பாணி. அப்பாவும் குழந்தையும் அம்மா இல்லாமல் தங்களுக்குள் ஒரு வழக்கத்தை உருவாக்கிக்கொள்வது அம்மாவின் ஓய்வையும் தாண்டிய லாபம்.

இந்த நேரத்துக்குத் தூக்கம் விலையில்லை, பொறுப்பும் இறங்குகிறது. வாரத்தில் ஒரு தடவைதான் கிடைக்கிறது என்பது உண்மையான குறை. அப்படியும் தினம் அரை மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்வதைவிட, வாரத்துக்கு மூன்று மணி நேரம் முழுசாக விடுபட்டிருப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

யாரிடம் ஒப்படைப்பது

கணவர் எல்லா வீட்டிலும் இருப்பதில்லை, இருந்தாலும் எல்லா வாரமும் ஊரில் இருப்பதில்லை. பாட்டி தாத்தா இருந்தால் குழந்தைக்கு அன்பு குறையாது. ஆனால் அவர்கள் முழங்காலையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தினமும் பார்த்துக்கொள்பவர்களிடமே உங்கள் ஓய்வு நேரத்தையும் கேட்பது அவர்களுடைய ஓய்வைப் பறிப்பதாகிவிடும். சம்பளத்துக்கு ஆள் வைத்தால் நன்றிக்கடன் இல்லை, நேரமும் உறுதி. ஆனால் ஆளைத் தேடுவது, பழக்குவது, வராத நாளைச் சமாளிப்பது எல்லாம் அம்மா தலையில்தான் வந்து விழும். அந்த வேலையையாவது வேறொருவர் ஏற்றுக்கொண்டால் இது நல்ல வழி.

தனியாகக் குழந்தை வளர்ப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, இன்னொரு அம்மாவோடு முறை வைத்துக்கொள்வதை. இந்த வாரம் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் என் வீட்டில், அடுத்த வாரம் உங்கள் வீட்டில். பணம் புரளாது, குழந்தைகளுக்கு விளையாடத் துணை கிடைக்கும். கூட்டுப்பொறுப்பு என்பதால் கேட்பதில் கூச்சமும் குறைவு. அவருடைய கண்டிப்பும் உங்கள் கண்டிப்பும் ஏறக்குறைய ஒத்துப்போகிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது, பலர் யோசிப்பதே இல்லை. குழந்தை பள்ளியில் இருக்கும் ஒரு வேலைநாளில் அரை நாள் லீவு. அம்மாக்களின் லீவெல்லாம் குழந்தையின் காய்ச்சலிலும் பள்ளி விழாவிலும் கரைந்துவிடுகிறது என்பது தெரியும். அதில் சில அரை நாட்களையாவது ஆண்டின் தொடக்கத்திலேயே தன் பெயரில் எழுதிவைத்துவிடுங்கள். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் போட இதைவிட வசதியான நேரம் இல்லை.

கைக்குழந்தை இருந்தால்

இந்த ஒப்பீடெல்லாம் கைக்குழந்தைக் காலத்துக்குப் பொருந்தாது. பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும், ஆனால் இரண்டு மூன்று மணி நேரத் துண்டுகளாக. அந்த மாதங்களில் அம்மாவுக்கு வேண்டிய பராமரிப்பு ஒன்றுதான், தூக்கம். 'குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு' என்பார்கள். சரி, சமையலையும் துணியையும் யார் பார்ப்பது? அதைப் பார்க்க ஆள் இருந்தால்தான் அந்த அறிவுரைக்கு உயிர். இரவைப் பங்கு பிரித்து, அம்மாவுக்கு நாலைந்து மணி நேரம் தொடர்ச்சியாகத் தூக்கம் கிடைக்கும்படி அப்பா ஒரு பங்கை எடுத்துக்கொள்வதுதான் அங்கே நான் முதலில் கேட்கும் ஏற்பாடு. தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் வீட்டிலும் குழந்தையைக் கொண்டுவந்து கொடுப்பது, ஏப்பம் விடவைப்பது, டயப்பர் மாற்றுவது, தூங்கவைப்பது எல்லாம் அப்பாவால் முடியும்.

நேரம் கொடுத்தாலும் தீராத ஒன்றும் உண்டு. குழந்தை பெற்ற பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை, முக்கியமாக மனச்சோர்வு, வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழந்தை தூங்கியும் தூக்கம் வராமல் கிடப்பது, எதிலும் ஈடுபாடில்லாமல் போவது, காரணமில்லாத அழுகை, தன்னையோ குழந்தையையோ பற்றிய பயங்கர எண்ணங்கள். இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் போக வேண்டும். கடைசியில் சொன்ன எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவே கூடாது, அன்றைக்கே போக வேண்டும். இந்த மனச்சோர்வின் அறிகுறிகளைக் கண்டறிய எடின்பரோ அளவுகோல் என்று பத்தே கேள்விகள் கொண்ட ஒரு படிவம் 1987 முதல் இருக்கிறது. டாக்டரோ நர்ஸோ சில நிமிடங்களில் கேட்டுப் பார்த்துவிடுவார்கள். இதற்கு நடைப்பயிற்சியையும் ஓய்வையும் மருந்தாகச் சொல்லி யாரும் தடுக்கக் கூடாது.

எங்கே தொடங்குவது

இந்த வாரமே ஒரு கிழமையையும் மணியையும் குறித்து, பொறுப்பேற்கப் போகிறவரிடம் பேசிவிடுங்கள். அது நிலைக்கும்வரை பகல் இடைவெளிகளை உடலுக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நடை, நீட்டி மடக்குதல், குட்டித் தூக்கம். அதிகாலையோ இரவோ கூடுதலாக வேண்டுமென்றால் ஏழு மணி நேரத் தூக்கம் கணக்கில் நின்ற பிறகு பார்க்கலாம்.

கிடைத்த மூன்று மணி நேரத்தில் மளிகை வாங்கப் போகாதீர்கள். ஏதோ ஒரு வாரம் அந்த நாளில் குழந்தைக்குக் காய்ச்சல் வரத்தான் செய்யும். அப்போது அந்த நேரம் எந்த நாளுக்கு மாறும் என்பதையும் முதல் பேச்சிலேயே முடிவு செய்துவிடுங்கள். இல்லையென்றால் ரத்தான வாரங்களே வழக்கமாகிவிடும்.